ஏழு சொற்களை விட்டுக்கொடுத்த பெருந்தன்மை



ஆயிரக்கணக்கான தீவுகளும் நூற்றுக்கணக்கான மொழிகளும் கொண்ட இந்தோனேசியா ஒரே நாடாக எழுந்து நின்ற வரலாறு, நாம் ஊன்றிப் படிக்கத்தக்க ஒன்றாகும்.

விடுதலை நெருங்கிய 1945ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், சுகர்ணோ தமது உரையில் புதிய நாட்டிற்கு ஐந்து கொள்கைகளை முன்வைத்து, அவற்றைப் ‘பஞ்சசீலா’ என்று அழைத்தார். இறைநம்பிக்கை அவற்றுள் ஐந்தாவதாக இடம்பெற்றது. ஜூன் 22இல் ஒன்பதின்மர் குழு வகுத்த ‘ஜகார்த்தா சாசனம்’ அதனை முதலாவதாக்கியது. அத்துடன், முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமை குறித்த தொடரொன்றையும் சேர்த்தது. அவர்கள் மொழியில் அது ஏழே சொற்கள்.

ஆகஸ்ட் 17இல் விடுதலை பிரகடனம் செய்யப்பட்டது. அத்தொடர் நீடித்தால் கிழக்குப் பகுதிக் கிறிஸ்தவர்கள் குடியரசில் இணையமாட்டார்கள் என்ற செய்தி அன்று மாலையே முஹம்மது ஹத்தாவை எட்டியது. மறுநாள் காலை அவர் முஸ்லிம் தலைவர்களுடன் கலந்தாலோசித்தார். முஹம்மதிய்யா இயக்கத் தலைவர் கி பாகுஸ் ஹாதிகுசுமோ எளிதில் இசையவில்லை. எனினும், பிறந்த மறுநாளே நாடு பிளவுபடலாகாது என்பதால் இறுதியில் உடன்பட்டார். அவ்வேழு சொற்களும் நீங்கின. ‘ஏக இறைவன் மீது நம்பிக்கை’ என்பதே முதற்கொள்கையாக நிலைபெற்றது.

மொழியிலும் இதே மனப்பான்மையைக் காண்கிறோம். ஜாவா மக்களே மிகுதியாக இருந்தும், தீவுகளிடையே பொதுவாக வழங்கிய மலாய் மொழியே தேசிய மொழிக்கு அடித்தளமாயிற்று.

ஆயினும், விட்டுக்கொடுத்தல் ஒரு தரப்பின் கடமை மட்டுமன்று. 1950இல் ஆச்சே மாகாணம் வடக்கு சுமத்ராவுடன் இணைக்கப்பட்டது. மனம் புண்பட்ட அம்மக்கள் 1953இல் தாவூத் பெருஏ தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். 1959இல் சமயம், வழக்காறு, கல்வி ஆகியவற்றில் தன்னுரிமை அளிப்பதாகக் கூறப்பட்டும் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1976இல் மீண்டும் மூண்ட போர், சுனாமியின் பேரழிவுக்குப் பின் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கி உடன்படிக்கையால்தான் ஓய்ந்தது. அதற்குள் எத்தனை உயிர்கள்!

பெரும்பான்மையோர் விட்டுக்கொடுத்தபோது நாடு ஒன்றுபட்டது. மைய அரசு வாக்கைக் காக்கத் தவறியபோது குருதி சிந்தியது. ஒற்றுமை என்பது அனைவரையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று. அவரவர் தனித்தன்மைக்கு இடமளித்து, கொடுத்த வாக்கைக் காப்பதாகும். குடும்பத்திற்கும் ஊருக்கும் ஜமாஅத்திற்கும் இதுவே பொருந்தும்.

விட்டுக்கொடுக்கும் உள்ளத்தையும் வாக்கைக் காக்கும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.