அரங்கத்தில் ஒரு வீடு: ஸ்ரீரங்கப்பட்டணமும் ஆபத்து நிலத்தின் கணக்கும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. 1977 ஏப்ரலில் அதன் தீக்குழம்பு செயிண்ட் ரோஸ் பகுதியின் ஊர் ஒன்றுக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. தேவாலயத்தைச் சூழ்ந்து அதன் வாயிலோடு நின்றது. ஊரார் திரும்பி வந்து மீண்டும் வீடு கட்டினர். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்களும் அத்தீவில்தான் வாழ்கின்றனர். அழிவைத் தரக்கூடிய மலையருகே ஒருவர் ஏன் வீடு கட்டுகிறார் என்ற வினா இயல்பாக எழுகிறது. தென்னிந்தியாவில் இதே வினாவை ஆற்றை நோக்கிக் கேட்கலாம். அதற்கு ஏற்ற ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம்.

ஊரின் பெயரே விடையின் பாதியைச் சொல்லிவிடுகிறது. தமிழில் ‘அரங்கம்’ என்ற சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்றும் பொருள் உண்டு. ‘துருத்தி’யும் அதே பொருள் தருவது; திருத்துருத்தி, திருப்பூந்துருத்தி ஆகிய தலப்பெயர்கள் அதற்குச் சான்று. காவிரி பிரிந்து மீண்டும் கூடும் இடங்களில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம், ஸ்ரீரங்கம் மூன்றையும் ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என வைணவ மரபு வரிசைப்படுத்துகிறது. இரு கிளைகளுக்கு நடுவிலான மேட்டைத் தேர்ந்து குடியேறுவது காவிரிக்கரை மக்களின் நெடுநாள் வழக்கம்.

1610இல் ராஜ உடையார் இவ்வூரைக் கைப்பற்றித் தலைநகராக்கியதில் தெளிவான கணக்கு இருந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவைச் சுற்றி இயற்கையே வெட்டிய அகழி காவிரி. சுற்றிலும் நன்செய். தென்கிளையைத் தொட்டிப் பாலத்தால் கடந்து தீவுக்குள்ளேயே நீர் கொண்டுவந்த கால்வாயும் இருந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இவ்வமைப்பின் மேல் கோட்டையை வலுப்படுத்தினர்.

கணக்கு ஒருமுறை சரியாகவே பலித்தது. 1791 மே மாதம் காரன்வாலிஸ் அரக்கெரே அருகே போரில் வென்றும் நகரைத் தொட முடியவில்லை. மழை தொடங்கிவிட்டது, உணவு குறைந்தது, வண்டி இழுக்கும் மாடுகள் மடிந்தன. பெரும் பீரங்கிகளைத் தாமே சிதைத்துவிட்டுப் பின்வாங்கினார். எட்டாண்டுகளுக்குப் பின் ஜெனரல் ஹாரிஸ் அதே ஆற்றின் நாட்காட்டியைக் கவனித்து வந்தார். மேற்கு மலைகளில் மழை பிடித்து வெள்ளம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதே அம்முற்றுகையின் அவசரம். 1799 மே 4 நண்பகலுக்குப் பின் படைவீரர்கள் பாறைகள் தெரியும் கோடைக் காவிரியில் இறங்கி நடந்தே கடந்தனர். அன்று மாலைக்குள் திப்பு வீழ்ந்தார். அகழியாக இருந்த ஆறு கோடையில் வழியானது.

வென்றவர்கள் தீவைத் தமதாக்கிக்கொண்டு அங்கேயே தங்கத் திட்டமிட்டனர். உடையார் அரசு மைசூருக்கு மாற, கம்பெனியின் படை கோட்டைக்குள் குடியேறியது. ஆர்தர் வெல்லெஸ்லி, திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக்கில் வசித்தார். பகைவனும் வெள்ளமும் அவர்கள் கணக்கில் இருந்தன. காய்ச்சல் இல்லை. தேங்கிய அகழி நீரும் கால்வாயும் சூழ்ந்த வயலும் கொசுவுக்கு ஏற்றவை என்பதை அன்று எவரும் அறிந்திலர்; கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் எனக் கருதினர். மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல், சிகந்தராபாத்தில். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தீவின் படைக் கல்லறைத் தோட்டம் நிரம்பத் தொடங்கிவிட்டது. திப்புவுக்கு எதிராகப் போரிட்ட சுவிட்சர்லாந்துப் படைப்பிரிவான தெ மேரோனின் வீரர்களும் அங்கே உறங்குகின்றனர். கர்னல் ஸ்காட்டின் ஆற்றங்கரை பங்களாவைப் பற்றி, குடும்பத்தை வாந்திபேதிக்குப் பலிகொடுத்து, வீட்டை அப்படியே விட்டுவிட்டு அவர் மறைந்துபோனார் என்றொரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், தீவில் குடியிருந்தோரின் அச்சத்தை அது காட்டுகிறது.

1809இல் படை பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள அம்மேட்டு நிலத்தில் தண்டுப் பகுதி வளர்ந்ததற்கு இத்தீவின் காய்ச்சலும் ஒரு காரணம். திப்புவின் லால் மகால் அரண்மனை இடிக்கப்பட்டது. அதன் மரங்கள் நீலகிரி ஏறி, உதகமண்டலத்தில் 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கூரையைத் தாங்குகின்றன. ஆட்கள் போனபின் வீடும் குளிர்ந்த மலைக்குப் போயிற்று.

போக முடியாதவர்களின் வரலாறு இன்னும் கனமானது. தீவின் கிழக்கே கஞ்சாம் என்னும் பேட்டையை நிரப்ப, சீரா நகரிலிருந்து 12,000 குடும்பங்கள் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டதாக மைசூர் கெசட்டியர் கூறுகிறது. அவர்களுள் எவரும் இந்நிலத்தைப் பார்த்து, விலை பேசி, சாதக பாதகம் எண்ணி வந்தவரல்லர். 1800இல் இங்கு வந்த பிரான்சிஸ் புக்கானன், திப்பு காலத்தில் தீவின் மக்கள்தொகை ஒன்றரை இலட்சம் இருந்திருக்கும் என மதிப்பிட்டார். 1901 கணக்கெடுப்பில் அது ஒன்பதாயிரத்தை எட்டவில்லை. அரசனுக்கு மைசூர் இருந்தது. படைக்குப் பெங்களூர் இருந்தது. தறியும் கடையும் கட்டியவருக்கு மாற்று நிலத்தை எவரும் ஒதுக்கவில்லை.

இன்று மலேரியா அந்த அச்சத்தைத் தருவதில்லை. மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை ஆற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆயினும் மழை மிகுந்த ஆண்டுகளில் அணை நிரம்பி மதகுகள் திறக்கும்போது அரங்கனதிட்டுத் தீவுகள் நீரில் மூழ்குகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தாழ்ந்த பகுதிகளுக்கு எச்சரிக்கை விடப்படுகிறது. 1804இல் பூர்ணையா கட்டிய கற்பாலம் அந்த வெள்ளங்களைத் தாங்கி நிற்கிறது. ஆற்றைப் பார்த்தபடி வீடும் விடுதியும் கட்டும் ஆசையும் குறையவில்லை.

ஆபத்து நிலத்தில் வாழ்வோரை அறியாமையுள்ளவர் எனக் கருதுவது எளிது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மண்ணை வளமாக்கும் எரிமலையைப் போலவே, காத்த ஆறும் சோறிட்ட ஆறும் நோய் தந்த ஆறும் இங்கே ஒன்றுதான். தேர்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தை நன்றாகவே எண்ணினார்கள், தெரியாததிடம் தோற்றார்கள். ஆகவே ஒரு நிலத்தின் வரலாற்றைப் படிப்போர் இரண்டு வினாக்களைச் சேர்த்தே கேட்க வேண்டும்: இங்கே வீடு கட்ட முடிவெடுத்தவர் யார்? முடிவு பிழைத்தபோது வெளியேற வழி இருந்தவர் யார்?