பயணம் சொன்ன விலை

பயன்படுத்திய வீட்டுப் பொருளை விளம்பரம் செய்து விற்கும் வழக்கம் புதியதன்று. 1780இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய செய்தித்தாளிலும், 1806இல் பினாங்கில் தோன்றிய ஆங்கிலத் தாளிலும் இத்தகைய அறிவிப்புகள் வந்தன. ஊர் திரும்பும் துரைமார்களின் மேசை, நாற்காலிகள் ஏலத்துக்கு வந்தன.

உரிமையாளர் ஊர் திரும்புகிறார் என்னும் குறிப்புக்கு இரு விளைவுகள் உண்டு. பழுதினால் விற்கவில்லை என்று வாங்குவோர் நம்புவர், விலை நிற்கும். விற்பவருக்கு நாளில்லை என்றும் அறிவர், விலை இறங்கும். ஏலத்தில் பலர் போட்டியிடுவதால் அவ்விறக்கம் ஓரளவு தடுக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளிக்கு அத்துணை இல்லை. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய எங்கள் கேமரன் மலையிலும் பிற தோட்டங்களிலும், லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. 1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபின், பல்லாயிரம் தமிழர் நாட்டைவிட்டுச் சென்றனர். ரஜுலா போன்ற கப்பலில் கொண்டுசெல்லவியலாத கட்டிலையும் அம்மியையும் யாருக்கு விற்பது? வாங்கத்தக்கவர் அதே கூலி பெறும் அண்டை வீட்டாரே. பொருளின் தரத்தையும் அவர் அறிவார். புறப்படும் நாளையும் அறிவார். நல்ல விலை வரும்வரை காத்திருக்க வீடும் இல்லை.

இன்று மாற்றலாகும் ஆசிரியர் கைப்பேசியில் விளம்பரம் எழுதுகிறார். அன்பர்களே, விற்கும்போது காரணத்தைச் சொல்லுங்கள், கெடுநாளைச் சொல்லாதீர்கள். வாங்கும்போது, மலிவு விலைக்குப் பின்னே ஒரு குடும்பத்தின் பயணம் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பேரம் பேசுங்கள்.