1990களின் ஸ்போர்ட்ஸ் கார் விலைச் சரிவு

1990களின் ஸ்போர்ட்ஸ் கார் விலைச் சரிவு என்பது, 1980களின் இறுதியில் ஊக வணிகத்தால் பல மடங்கு உயர்ந்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மறுவிற்பனை விலைகள், 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரப் பின்னடைவின்போது பெரும் வீழ்ச்சி அடைந்த நிகழ்வைக் குறிக்கும். பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் சந்தைகளில் இச்சரிவு கடுமையாக உணரப்பட்டது. பெராரி நிறுவனத்தின் கார்கள் இதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. கடன் பெற்று உச்ச விலையில் கார் வாங்கியோர், காரின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிட்ட நிலைக்கு ஆளாயினர். புதிய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தயாரித்த நிறுவனங்களும் இதனால் நட்டம் அடைந்தன.

பின்னணி

கார் பொதுவாக வாங்கிய நாள் முதல் மதிப்புக் குறைந்துகொண்டே செல்லும் பொருள் ஆகும். நெடுங்காலம் ஸ்போர்ட்ஸ் கார்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாரிக்கப்பட்ட பெராரி 250 ஜிடிஓ புதிதாக விற்கப்பட்டபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். பந்தயங்களில் புதிய கார்கள் அதனை விஞ்சியபின், 1960களின் இறுதியில் அது புதிய விலையைவிடக் குறைவாகவே கைமாறியது.

1980களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஓவியம், நகை போன்று சேகரித்து வைக்கும் வழக்கம் பரவியது. இதற்குப் பல காரணங்கள் இருந்தன.

* 1987 அக்டோபர் 19 அன்று நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்சு குறியீடு ஒரே நாளில் 22.6% வீழ்ந்தது. பங்குகளின்மீது நம்பிக்கை இழந்தோர் சிலர் கையால் தொட்டறியக்கூடிய பொருட்களில் பணத்தை இடத் தொடங்கினர்.
* பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரியின் உயர்ந்தபட்ச வீதம் 60%இலிருந்து 40%ஆகக் குறைக்கப்பட்டது. செல்வந்தர் கையில் எஞ்சும் பணம் கூடியது.
* பிரித்தானிய வரிச் சட்டம் பயணிகள் காரைத் தேய்ந்து அழியும் பொருளாகக் கருதுவதால், அதை விற்றுப் பெறும் இலாபத்திற்கு மூலதன ஆதாய வரி இல்லை. இதே காரணத்தால், காரை விற்று அடையும் நட்டத்தை வேறு ஆதாயங்களிலிருந்து கழித்துக்கொள்ளவும் இயலாது. விலை ஏறிய காலத்தில் இந்த மறுபக்கம் பெரிதாகத் தோன்றவில்லை.
* ஜப்பானில் 1987 பெப்ரவரி முதல் 1989 மே வரை மத்திய வங்கியின் வட்டி வீதம் 2.5%ஆக இருந்தது. மலிவான கடனால் நில விலையும் பங்கு விலையும் ஏறின. அச்செல்வத்தின் ஒரு பகுதி ஐரோப்பிய ஓவியங்களையும் கார்களையும் வாங்கச் சென்றது.

ஊக வணிகத்தின் உச்சம்

பெராரி நிறுவனத்தை நிறுவிய என்சோ பெராரி 1988 ஆகத்து 14 அன்று காலமானார். அவர் இருந்த காலத்தில் உருவான கார்கள் இனி கிடைக்கமாட்டா என்ற எண்ணம் விலை ஏற்றத்திற்கு மேலும் விசை சேர்த்தது. நிறுவனத்தின் 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1987இல் அறிமுகமான எஃப்40 காருக்குப் பெரும் கேள்வி எழுந்தது. கார் கைக்கு வருமுன்னரே, அதற்கான முன்பதிவு உரிமை கூடுதல் விலைக்குக் கைமாறியது. பார்முலா 1 ஓட்டுநர் நைஜல் மான்செல் தமது எஃப்40 காரை 1990இல் 1 மில்லியன் பவுண்டுக்கு விற்றதாகப் பரவலாகச் செய்தி வெளியானது. இது புதிய காரின் பட்டியல் விலையைப் போலப் பல மடங்காகும்.

250 ஜிடிஓ கார் ஒன்று 1989இல் 13 மில்லியன் டாலருக்கும் கூடுதலான விலைக்கு ஜப்பானுக்கு விற்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்டமையால் அரியது எனக் கூறமுடியாத டெஸ்டரோசா போன்ற கார்கள்கூடப் புதிய விலைக்கு மேல் விற்பனையாயின.

விலை ஏற்றம் கார்களையே அழிப்பதற்கும் காரணமாயிற்று. 250 ஜிடிஇ என்னும் நான்கு இருக்கைக் கார் குறைந்த மதிப்புடையதாகக் கருதப்பட்டது. அதன் எஞ்சினும் அடிச்சட்டமும் 250 ஜிடிஓவின் போலிப் படிகளைக் கட்டுவதற்குப் பயன்பட்டமையால், பல ஜிடிஇ கார்கள் பிரித்தெடுக்கப்பட்டன.

சரிவின் தொடக்கம்

விலை ஏற்றத்திற்கு அடிப்படையாக இருந்த மலிவான கடன் முதலில் மறைந்தது. பிரித்தானியாவில் 1988 மே மாதம் ஏறத்தாழ 7.5%ஆக இருந்த அடிப்படை வட்டி வீதம் 1989 அக்டோபரில் 15%ஆக உயர்ந்தது. ஜப்பானிய மத்திய வங்கி 1989 மே முதல் 1990 ஆகத்து வரை தனது வட்டி வீதத்தைப் படிப்படியாக 6%ஆக உயர்த்தியது. 1989 திசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிவுற்ற நிக்கேய் பங்குக் குறியீடு, 1990 அக்டோபர் தொடக்கத்தில் ஏறத்தாழ அதில் பாதியாக இருந்தது.

1990 ஆகத்து 2 அன்று ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததைத் தொடர்ந்து எண்ணெய் விலை உயர்ந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் 1990 சூலை முதல் 1991 மார்ச்சு வரை பின்னடைவில் இருந்தது. பிரித்தானியப் பொருளாதாரமும் 1990இன் பிற்பகுதியில் சுருங்கத் தொடங்கியது. அமெரிக்க அரசு 1991 சனவரி முதல், 30,000 டாலருக்கு மேற்பட்ட விலையுள்ள கார்களுக்கு, அவ்வரம்புக்கு மேலுள்ள தொகையின்மீது 10% ஆடம்பர வரி விதித்தது.

விலை வீழும் முறை

பொருளாதாரப் பின்னடைவில் எல்லாக் கார்களின் விலையும் ஒரே அளவில் குறைவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை கூடுதலாக வீழ்வதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

* தேவையின் தன்மை: வேலைக்குச் செல்ல உதவும் சிறிய கார் இன்றியமையாத பொருள். இரண்டு இருக்கைகள் மட்டும் உள்ள வேகக் கார் பலருக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது கார் ஆகும். வருமானம் குறையும்போது முதலில் கைவிடப்படுவது அதுவே.
* சிறிய சந்தை: இத்தகைய கார்களை வாங்குவோர் தொகை மிகக் குறைவு. அவர்களிற் பலர் நிதித்துறை, நிலம், கட்டுமானம் போன்ற ஒரே வகைத் தொழில்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே விற்கவேண்டிய நெருக்கடி பலருக்கு ஒரே நேரத்தில் ஏற்படுகின்றது. வாங்குவோரும் அதே நேரத்தில் மறைந்துவிடுகின்றனர்.
* பராமரிப்புச் செலவு: காரின் விலை பாதியாகக் குறைந்தாலும் அதன் உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை. டெஸ்டரோசா காரின் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கு எஞ்சினையே கீழே இறக்கவேண்டும். இச்செலவை அறிந்த வாங்குநர் அதனை மனதிற்கொண்டே விலை பேசுவார். செலவைத் தள்ளிப்போட்ட உரிமையாளரின் காருக்கு மதிப்பு மேலும் குறையும்.
* தகவல் ஏற்றத்தாழ்வு: பழைய கார்ச் சந்தையில் காரின் குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இதனை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோப் 1970இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். இத்துறை ஆய்வுக்காக 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்டது. மோசமான கார்களே சந்தைக்கு வருகின்றன என்ற ஐயம் ஏற்படும்போது, நல்ல காருக்கும் நல்ல விலை கிடைப்பதில்லை.

இவ்வகைச் சந்தைகளில் விலைக்கு முன்னர் விற்பனை எண்ணிக்கை குறைவது வழக்கம். உரிமையாளர் தாம் கொடுத்த விலையை மறக்க விரும்புவதில்லை. கேட்கும் விலையைக் குறைக்காமல் காத்திருப்பார். ஏலத்தில் குறைந்தபட்ச விலையை எட்டாத கார்கள் விற்காமலே திரும்பிச் செல்லும். கடன் கொடுத்தவர் நெருக்கும்போது கட்டாய விற்பனை நடைபெறும். அந்த விலையே அடுத்தடுத்த விற்பனைகளுக்கு அளவுகோலாகிவிடும்.

கடனின் பங்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் 100,000 பவுண்டு விலையுள்ள காரைத் தமது கைப்பணம் 20,000 பவுண்டும் கடன் 80,000 பவுண்டும் கொண்டு வாங்குகிறார் எனக் கொள்வோம். விலை 20% ஏறினால், வட்டியை நீக்கிப் பார்க்கையில், அவரது கைப்பணம் இரு மடங்காகும். விலை 40% குறைந்தால் கார் 60,000 பவுண்டுக்கே விற்கும். கைப்பணம் முழுவதும் அழிவதோடு, கார் கையைவிட்டுப் போனபின்னும் 20,000 பவுண்டு கடன் எஞ்சியிருக்கும். விலை ஏறும்போது இலாபத்தைப் பெருக்கிய அதே கடன், விலை இறங்கும்போது நட்டத்தையும் பெருக்குகின்றது.

விளைவுகள்

1989இல் 13 மில்லியன் டாலரைத் தாண்டிய 250 ஜிடிஓ வகைக் கார், 1994இல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்கு விற்கப்பட்டது. 1,300க்கும் கூடுதலாகத் தயாரிக்கப்பட்டுவிட்ட எஃப்40 காரின் விலையும் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியது. பந்தய வரலாறு உடைய அரிய கார்கள் விலை குறைந்தாலும் வாங்குவோரைப் பெற்றன. மிகுதியாகத் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவாகவே இருந்தது. ஜப்பானுக்குச் சென்ற கார்களிற் பல, பின்வந்த ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் திரும்பின.

மறுவிற்பனை விலை வீழ்ந்ததால் புதிய கார்களின் விற்பனையும் தடைப்பட்டது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜாகுவார் எக்ஸ்ஜே220 ஆகும். 1988 அக்டோபரில் பர்மிங்காம் கார்க் கண்காட்சியில் இதன் மாதிரி காட்டப்பட்டது. 1989 திசம்பரில் தயாரிப்பு அறிவிக்கப்பட்டபோது, 50,000 பவுண்டு முன்பணம் செலுத்த ஆயிரத்துக்கும் கூடுதலானோர் முன்வந்தனர். கார்களின் எண்ணிக்கையோ 350ஆக வரையறுக்கப்பட்டிருந்தது. வரி நீங்கலாக 290,000 பவுண்டாக அறிவிக்கப்பட்ட விலை, விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது.

1992இல் கார்கள் தயாரானபோது வரியுடன் சேர்ந்த விலை 400,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. சந்தை அதற்குள் வீழ்ந்துவிட்டது. மாதிரியில் இருந்த 12 உருளை எஞ்சினுக்குப் பதிலாக 6 உருளை எஞ்சினும், நான்கு சக்கர இயக்கத்திற்குப் பதிலாகப் பின்சக்கர இயக்கமும் அமைந்திருந்ததைச் சுட்டி, முன்பதிவு செய்தோர் சிலர் காரைப் பெற மறுத்தனர். வழக்குகள் தொடரப்பட்டன, நீதிமன்றத் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சாதகமாக அமைந்தது. ஏறத்தாழ 280 கார்களுடன் 1994இல் தயாரிப்பு முடிவுற்றது. விற்காத கார்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன.

1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரின் விலை ஏறத்தாழ 540,000 பவுண்டு. 300 கார்கள் திட்டமிடப்பட்ட நிலையில், 1998 வரை பந்தய வகைகளும் மாதிரிகளும் உட்பட 106 மட்டுமே தயாரிக்கப்பட்டன. இத்தாலியில் புகாட்டி பெயரை மீட்டெடுத்து ஈபி110 காரைத் தயாரித்த நிறுவனம் 1995இல் நொடித்துப்போனது. பெராரியின் ஆண்டு உற்பத்தி 1991 முதல் 1993 வரையான காலத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

மீட்சி

1990களின் பிற்பகுதியிலிருந்து அரிய கார்களின் விலை மெல்ல ஏறத் தொடங்கியது. 250 ஜிடிஓ ஒன்று 2018 ஆகத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 48.4 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. வாங்க ஆளின்றி இருந்த மெக்லாரன் எஃப்1 வகைக் கார் ஒன்று 2021இல் 20 மில்லியன் டாலருக்கு மேல் விலைபோனது. எனினும் இவ்விலைகள், சரிவின்போது காரை விற்காமல் வைத்திருக்க இயன்றவர்களுக்கே பயன்பட்டன. கடன் சுமையால் விற்கநேர்ந்தவர்களுக்கு அந்த மீட்சியில் பங்கில்லை.

2008ஆம் ஆண்டுப் பின்னடைவுடன் ஒப்பீடு

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்சு வங்கி நொடித்ததைத் தொடர்ந்த நெருக்கடியிலும் ஸ்போர்ட்ஸ் கார்களின் விற்பனை வீழ்ந்தது. லம்போர்கினி நிறுவனம் 2008இல் 2,430 கார்களை விற்றது. 2009இல் இது 1,515ஆகக் குறைந்தது. சில ஆண்டுகளே பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மறுவிற்பனை விலைகளும் இறங்கின. துபாயில் கடனைச் செலுத்த இயலாத வெளிநாட்டவர் சிலர் கார்களை விமான நிலையத்திலேயே விட்டுச் சென்றதாக 2009இல் செய்திகள் வெளியாயின. அக்காலத்தில் அங்கு காசோலை திரும்புவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

ஆயினும் இம்முறை அரிய பழைய கார்கள் 1990களைப் போன்ற வீழ்ச்சியைக் காணவில்லை. 1990இல் வட்டி வீதம் உயர்ந்திருந்த நிலையில் பின்னடைவு வந்தது. 2008க்குப் பின் மத்திய வங்கிகள் வட்டியைப் பூச்சியத்தை ஒட்டிக் குறைத்தன. ஆகவே உரிமையாளர் பலருக்குக் கட்டாயமாக விற்கவேண்டிய நிலை எழவில்லை.

2020ஆம் ஆண்டின் கொரோனாப் பின்னடைவு மற்றொரு வேறுபாட்டைக் காட்டியது. மின்னணுச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் புதிய கார்களின் உற்பத்தி தடைப்பட்டது. இதனால் 2021, 2022ஆம் ஆண்டுகளில் பழைய கார்களின் விலை வழக்கத்திற்கு மாறாக உயர்ந்தது. பொருளாதாரப் பின்னடைவு மட்டுமே மறுவிற்பனை விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதையும், கடனின் விலையும் புதிய கார்களின் வரத்தும் அதனோடு சேர்ந்தே இயங்குகின்றன என்பதையும் இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

* ஊக வணிகம்
* பொருளாதாரப் பின்னடைவு
* தேய்மானம்
* ஜப்பானியக் குமிழிப் பொருளாதாரம்
* பெராரி