கதைக்கு ஏற்ற ஊர் எது?

சிதம்பரத்திலிருந்து மேற்கே சென்றால் காட்டுமன்னார்கோயில் வரும். அவ்வூரைச் சேர்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. கி.பி. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று அங்கே இருக்கிறது. இராசராசனின் தமையனான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் குறித்துச் சொல்கிறது. அவர்களுடைய நிலங்களும் அவர்தம் உறவினரின் நிலங்களும் கைமாறிய செய்தியையும் கூறுகிறது.

கொலையுண்டவன் யார் என்பது தெரிகிறது. கொன்றவர் பெயரும் தெரிகிறது. தூண்டியவர் யார், ஏன் தூண்டினார் என்பது மட்டும் தெரியவில்லை. சிதம்பரத்துக் கல்லூரியில் ஒரு காலத்தில் முதல்வராயிருந்த நீலகண்ட சாஸ்திரியார், உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப்பணி ஆற்றிய சதாசிவ பண்டாரத்தார், அவ்வையம் பொருந்தாது என்று மறுத்தார். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் வழக்கு முடியவில்லை.

மர்மக் கதை எழுத விழைவோருக்கு இதனினும் சிறந்த கரு வேறு எது? கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னுக்கு இதுவே கருவாயிற்று. கதை தொடங்கும் வீரநாராயண ஏரியும் (இன்றைய வீராணம்), கொலை நிகழும் கடம்பூரும் நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

இவற்றை இங்கு நினைவு கூர்வதற்குக் காரணம் உண்டு. சிதம்பரத்தில் பயிலும் நம் சமுதாய மாணவி ஒருவர், தம் தந்தையாருடன் நம்மைக் காண வந்தார். அவர் ஒரு மர்மக் கதை எழுதத் தொடங்கியிருந்தார். கதையின் தலைவி ஒரு முஸ்லிம் பெண்; மறைந்துபோன ஒரு செல்வத்தைப் பற்றிய உண்மையை அவளே கண்டுபிடிக்கிறாள். "ஹஜ்ரத், இக்கதையை நம் பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்ததாக எழுதலாமா? அல்லது இல்லாத ஒரு நாட்டைப் படைத்து அங்கு நிகழ்ந்ததாக எழுதலாமா?" என்று கேட்டார்.

நாம் சற்றும் ஆராயாமல், "இல்லாத நாட்டையே படைத்துக் கொள், மகளே, வம்பில்லை" என்று கூறிவிட்டோம். அவர் தலையசைத்துச் சென்றார். ஆனால் அவ்விடை அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை. அதில் அறிவைவிட அச்சமே மிகுந்திருந்தது என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அதனாலேயே இப்பொருளை ஆற அமர எண்ணிப் பார்க்கிறோம்.

கதைக்கு நிலம் அமைப்பதில் மூன்று வழிகள் உள்ளன. முழுதும் கற்பனையான நாட்டில் கற்பனை மாந்தரை உலவவிடுவது ஒன்று. மெய்யான ஊரில் கற்பனை மாந்தரை வாழவைப்பது மற்றொன்று. வரலாற்றில் வாழ்ந்த மாந்தர்மீதே கற்பனைச் செயல்களை ஏற்றிச் சொல்வது மூன்றாவது. இம்மூன்றையும் அரபு இலக்கியம் நன்கறியும்.

முதல் வழியில் தீங்கு குறைவு. கேட்போர் எவரும் அதனை மெய்யென்று மயங்குவதில்லை. விலங்குகளைப் பேசவைத்த 'கலீலா வ திம்னா'வைப் படித்துவிட்டு நரி அரசவையில் வாதாடியதாக எவரும் நம்பியதில்லை.

இரண்டாம் வழிக்கு, நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் 'மகாமாத்' நூலே சான்று. பஸராவின் இமாம் ஹரீரி அவர்கள் (மறைவு கி.பி. 1122) இயற்றிய ஐம்பது மகாமாக்களிலும் ஸரூஜ் நகரத்து அபூஸைத் என்பவர் வேடம் மாற்றி மாற்றி வருகிறார். அபூஸைத் ஒரு கதைமாந்தர். ஸரூஜ் நகரமோ மெய்யானது. 1101இல் சிலுவைப் போர்ப் படையினரிடம் வீழ்ந்ததும் மெய்யானது. ஊரிழந்த ஒருவரின் அலைச்சல் அக்கதைகளுக்கு உயிரூட்டுகிறது. ஹரீரி தம் முன்னுரையிலேயே, இத்தகைய புனைவு பொய்யுரை ஆகாது, எண்ணத்தைக் கொண்டே செயல் எடைபோடப்படும் என்று வாதிட்டு, வாசகரை மயக்கத்தில் விடாது காத்தார்.

மூன்றாம் வழிக்கு 'ஆயிரத்தோர் இரவுகள்' சான்று பகரும். அதில் 'மூன்று ஆப்பிள்கள்' என்றொரு கதை உண்டு. திஜ்லா நதியில் மீனவர் ஒருவர் இழுத்த பெட்டிக்குள் ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது. கொலையாளியை மூன்று நாள்களுக்குள் கண்டுபிடிக்குமாறு கலீபா ஹாரூன் அல்ரஷீத், அமைச்சர் ஜஃபருக்கு ஆணையிடுகிறார். உலகின் பழைய துப்பறியும் கதைகளுள் ஒன்றாக அதனைக் கருதுவோர் உளர். ஹாரூனும் ஜஃபரும் வரலாற்று மாந்தர், நிகழ்ச்சி புனைவு. இதன் விளைவு என்ன? மாறுவேடமிட்டு இரவில் பக்தாது வீதிகளில் திரிந்த ஹாரூனை உலகம் அறியும். ரோமப் பேரரசுடன் போரிட்டும், பலமுறை ஹஜ்ஜுக்குச் சென்றும், அறிஞர்களை ஆதரித்தும் வாழ்ந்த ஹாரூனை அறிந்தோர் சிலரே. கதையின் ஹாரூன் வரலாற்றின் ஹாரூனை மறைத்துவிட்டார்.

நம் முன்னோர் ஹதீஸ் கலையில் இஸ்னாதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, ஏன் அத்துணை வற்புறுத்தினர் என்பது இங்கே விளங்கும். ஒருவர் சொல்லாததைச் சொன்னார் என்பது அவர்மீது இழைக்கும் அநீதி. இட்டுக்கட்டப்பட்டதை 'மவ்ளூஃ' என்று தனியே பிரித்து, இட்டுக்கட்டியவரின் பெயரையும் எழுதிவைத்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பெயரால் இட்டுக்கட்டுவது பெரும்பாவம். மற்றவர் திறத்தில் அக்கடுமை இல்லையாயினும், இறந்தோர் தமக்காக வாதாட வரமாட்டார்கள் என்னும் நினைவு எழுதுவோருக்கு வேண்டும்.

கல்கி இதில் ஓரளவு எச்சரிக்கையுடன் நடந்துகொண்டார் எனலாம். கொலைச் சூழ்ச்சியின் நடுவே நிற்கும் நந்தினி அவர் படைத்த பாத்திரம். கரிகாலனை வீழ்த்திய கை யாருடையது என்பதையும் அவர் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடவில்லை. எனினும், நந்தினி மெய்யாகவே வாழ்ந்தவள் என்று நம்புவோரை நாம் பலமுறை சந்தித்திருக்கிறோம். புனைவின் ஆற்றல் அத்தகையது. ஆற்றல் மிகுந்த கருவியை ஏந்துவோருக்குப் பொறுப்பும் மிகுதி.

இனி, நம் தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் இத்துறையில் என்ன செய்தனர் என்று பார்ப்போம். தமிழின் தொடக்க நாவல்களுள் ஒன்றாகிய 'அஸன்பே சரித்திர'த்தைக் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அவர்கள் 1885இல் வெளியிட்டார்கள். மிஸ்ரு நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்ட ஒருவரின் மர்மமே அதன் கதை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டபோது டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை அளித்தார். பின்னர் அவ்வம்மையார் எழுதிய நாவலுக்கு 'சண்பகவல்லி தேவி அல்லது தென்னாடு போந்த அப்பாஸிய குலத் தோன்றல்' என்று பெயர். தலைப்பின் முன்பாதி ஒரு பெண்; பின்பாதி வரலாறு. பள்ளியில் நெடுங்காலம் பயிலும் வாய்ப்பு இல்லாத ஒரு முஸ்லிம் பெண்மணி அந்நாளிலேயே அத்துணிவு கொண்டார் என்றால், நம் மாணவியை நாம் அச்சுறுத்தியது முறையா?

பரங்கிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த பட்டினம் அது. மஹ்மூது பந்தர் என்றும் வழங்கியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் உருவாகத் துணைநின்ற வள்ளல் அபுல்காசிம் மரைக்காயர் அவ்வூரைச் சேர்ந்தவர். 1780இல் ஹைதர் அலியின் படைப்பிரிவு அவ்வூரைச் சூறையாடியது. 1781 ஜூன் திங்களில், ஹைதரின் படையினர் காவலிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டை அருகே நடந்த போரில் அவரே வென்றார். 1783இல் கடலூரில் பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானமான செய்தி வந்து போர் நின்றது.

படைகளின் கணக்கும் தளபதியரின் கடிதங்களும் நமக்குக் கிடைக்கின்றன. 1780இல் ஊர் கொள்ளை போன அன்று பரங்கிப்பேட்டை வீடுகளின் உள்ளறைகளில் இருந்த பெண்கள் எதனை எங்கே மறைத்தார்கள், யாரை நம்பினார்கள், எவரால் வஞ்சிக்கப்பட்டார்கள் என்பதற்கு அவ்வரலாறுகளில் இடமில்லை. வரலாறு பேசும் இடத்தில் கதை அதனை மறுத்துப் பேசலாகாது. வரலாறு வாய்மூடி நிற்கும் இடமே கதைக்கு உரிய இடம்.

பெண்ணால் இத்தகைய மர்மங்களை ஆளவியலுமா என்று ஐயுறுவோர் மிஸ்ரின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1249இல், சிலுவைப் படை நாட்டுக்குள் நுழைந்திருந்த வேளையில் சுல்தான் ஸாலிஹ் அய்யூப் காலமானார். அவர் மனைவியார் ஷஜருத் துர், மகன் தூரான்ஷா வந்து சேரும்வரை அம்மரணத்தை மறைத்தார், சுல்தானின் பெயரால் ஆணைகள் வெளிவந்துகொண்டே இருந்தன, படையும் கலையவில்லை. அடுத்த ஆண்டு அவர் பெயராலேயே குத்பா ஓதப்பட்டது. நம் நாட்டிலும் 1782 டிசம்பரில் ஹைதர் அலி காலமானபோது, திப்பு சுல்தான் வந்து சேரும்வரை அச்செய்தி மறைக்கப்பட்டது. இவை போன்ற நிகழ்ச்சிகள் கதைக்குப் பின்புலமாக நிற்கத் தகுந்தவை.

மெய்யான ஊரைத் தேர்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. மர்மக் கதையின் சிறப்புத் தடயத்தில் இருக்கிறது; தடயமோ மண்ணிலிருந்து முளைக்க வேண்டும். திருக்குர்ஆன் கூறும் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு கற்பனையன்று; இறைவனே அதனை அழகிய வரலாறு என்கிறான். அதில் ஒரு சட்டை மூன்றுமுறை சான்றாக வருகிறது. பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையை யஃகூப் (அலை) அவர்கள் நம்பவில்லை. ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழியாமல் இருக்குமா என்று விரிவுரையாளர் காரணம் கூறுவர். பின்புறம் கிழிந்த சட்டை யூஸுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பதை நிறுவுகிறது. இறுதியில் வரும் சட்டை தந்தைக்குப் பார்வையை மீட்டுத் தருகிறது. எளிய துணியொன்று எத்துணை பேசுகிறது!

நம் பரங்கிப்பேட்டைத் தலைவிக்கும் அவள் வீட்டிலேயே தடயம் உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழை எண்ணிப் பாருங்கள். அவ்வெழுத்தில் அமைந்த ஒரு கடிதம் கும்பினியாரின் துபாஷியிடம் சிக்கினால் அவர் என்ன செய்வார்? தமிழ் தெரிந்தவருக்கு எழுத்துத் தெரியாது. அரபு தெரிந்தவருக்குச் சொல் விளங்காது. வீட்டில் உஸ்தாத் அம்மாவிடம் ஓதிய பெண்ணோ அதனை ஒரே மூச்சில் படித்துவிடுவாள். கற்பனை நாடு எதுவும் இந்தத் தடயத்தைத் தரவியலாது.

இவ்வாறெல்லாம் எண்ணியபின் அம்மாணவியை மீண்டும் வரவழைத்து, "பரங்கிப்பேட்டையையே எழுது" என்றோம். அப்பொழுதுதான் அவர் முழுச் செய்தியையும் வெளியிட்டார். கதைத் தலைவி அவர் குடும்பத்துப் பாட்டியார் ஒருவராம். செல்வத்தைக் கவர்ந்தவர் இன்றும் அப்பகுதியில் வாழும் மற்றொரு குடும்பத்தின் முன்னோராம். ஆதாரம் என்ன என்று கேட்டோம். "எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வார்கள்" என்றார்.

நாம் கூறினோம்: "ஊர் இருக்கட்டும், ஆண்டு இருக்கட்டும். அக்குடும்பத்தின் பெயரும் தெருவும் தொழிலும், அடையாளம் காட்டும் எதுவும் கதையில் வரலாகாது. ஒரு வீட்டார் மட்டும் சொல்லும் செய்தியைக் கொண்டு மற்றொரு வீட்டாரின் மையித்துகள்மீது திருட்டுப் பழி சுமத்துவதற்கு இஸ்னாத் போதாது. ஹைதரும் கூட்டும் தொலைவில் நிற்கட்டும். அவர்கள் வாயில் நீ சொல்லை வைக்காதே. அரைக்காசு நாச்சியார் போல அவ்வூரில் அடங்கியுள்ள, மக்கள் மதிக்கும் பெருமக்களைக் கதைமாந்தர் ஆக்காதே. எது வரலாறு, எது புனைவு என்று ஹரீரியைப் போல முன்னுரையில் சொல்லிவிடு."

அவர் சற்று மௌனமாயிருந்து, "ஹஜ்ரத், எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டால் எங்கள் பாட்டியாரின் பெயர் எப்பொழுதுதான் வெளிவரும்?" என்று கேட்டார்.

அக்கேள்வி நியாயமானது. அதற்கு நாம் அளிக்கக்கூடிய விடை ஒன்றே: அது கதையின் பணியன்று, வரலாற்றின் பணி. வக்ஃபுப் பத்திரங்கள், கப்ருக் கற்கள், பழைய கிரயச் சாசனங்கள், பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் கடிதங்கள் ஆகியவற்றைத் தேடி, சான்றுள்ள அளவுக்கு அந்த அம்மையாரின் வாழ்வைத் தனி நூலாக எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால், கதையும் நம்பப்படாது, பாட்டியாரும் நம்பப்படமாட்டார்.

இவ்விடையால் அவர் முழுதும் நிறைவுற்றார் என்று நாம் சொல்லமாட்டோம். எனினும் தம் வீட்டுப் பழம்பெட்டியைத் திறந்து பார்ப்பதாகக் கூறிச் சென்றார். இதனைப் படிக்கும் குடும்பங்களையும் நாம் வேண்டிக்கொள்வது அதுவே. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழந்தாள்களைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்பொழுதே பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படிக்கச் செய்யுங்கள். நம் பெண்மக்கள் எழுதும் கதைகளிலும் வரலாறுகளிலும் வாய்மை நிலைபெற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.