கொழுப்புக்குப் பின் என்பு

சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகப் பகுக்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஒன்றிலிருந்து அடுத்தது விளைகிறது என்பது கோட்பாடு. கொழுப்புக்கு அடுத்து என்பு. இதை வைத்து, 'கொழுப்பிலிருந்து எலும்பு வளர்க்கிறதைச் சித்தர்கள் அன்னைக்கே சொல்லிட்டாங்க' என்று ஒருவர் மேடையேறுவது எளிது. கௌரவர் நூறு பேரும் ஸ்டெம் செல் நுட்பத்தில் பிறந்தவர்கள் என்று 2019 ஜனவரியில் ஜலந்தரில், இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, ஒரு துணைவேந்தர் பேசியிருக்கிறார். சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. எலும்பு மஜ்ஜையில் எலும்பை உண்டாக்கும் அணுக்கள் இருப்பதை 1960களில் மாஸ்கோவில் ஃபிரீடன்ஸ்டைனும் சகாக்களும் காட்டினார்கள். உறிஞ்சியெடுத்துக் கழிவாகப் போகும் கொழுப்பிலும் அத்தகைய குருத்தணுக்கள் உண்டென்று 2001இல் கலிஃபோர்னியாவில் பாட்ரீசியா ஸுக் குழு காட்டியது. கொழுப்பை நொதியிட்டுப் பிரித்துச் சுழற்றுகிறார்கள். கொழுப்பணுக்கள் மேலே மிதந்து ஒதுங்கிவிடும். அடியில் படிந்ததை எடுத்து வளர்த்து, டெக்ஸாமெதசோன், வைட்டமின் சி, பீட்டா கிளிசரோபாஸ்பேட் சேர்த்தால் சில வாரங்களில் கால்சியம் படிகிறது. அலிசரின் சாயம் அதைச் சிவப்பாகக் காட்டும். ஆக, கொழுப்பு எலும்பாகவில்லை. அதனிடையே கிடந்த வேறோர் அணு எலும்பணுவாகிறது. தாது வரிசையோ, உண்ட சோறு எப்படி உடலாகிறது என்ற கேள்விக்குப் பதில். கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் பிடுங்கிக்கொள்வது சித்தர்களை வாசிக்க மறுப்பதுதான்.

இந்தப் பெருமிதத்தில் எங்கள் நாஞ்சில் நாட்டு ஆசான்களுக்கு இடமில்லை என்பதை நான் கவனிக்கிறேன். வர்மமும் எலும்புக்கட்டும் குரு சீட முறையில், பெரிதும் நாடார் ஆசான்கள் கைவழியே வந்த அறிவு. ஒடிந்ததை நேராக்கி, மூங்கில் தப்பை வைத்து அசையாமல் கட்டினால் உடம்பே எலும்பைக் கூட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். கோணலாய்க் கூடிய கைகளும் இந்த வரலாற்றில் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவு அது. 'முன்னோர்' என்ற பொதுப்பெயர் அதைச் சாதியற்றதாக்கி, உடைமை மாற்றிவிடுகிறது.

பெருமிதத்துக்குப் பின்னால் சந்தை வரும். ஏற்கப்பட்ட ரத்த நோய்ச் சிகிச்சைகள் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே என்கிறது 2017இன் தேசிய வழிகாட்டுதல். நம்ம சித்தர் சொன்னதுதானே என்று நம்பிவிட்டவன் அந்த அனுமதியைக் கேட்கவா போகிறான்?