ஹார்ட் டிஸ்க் விலை ஏறிய ஆண்டுகள்

ஹார்ட் டிஸ்க்கில் எந்தப் பாகம் கிடைக்காமல் போகிறதோ, அந்தப் பாகமே அதன் அன்றைய விலையைத் தீர்மானிக்கிறது. கண்ணாடியிலோ அலுமினியத்திலோ செய்த வட்டத் தகடு, அதைச் சுழற்றும் மோட்டார், தகட்டின் மேல் உரசாமல் மிதக்கும் ஹெட், ஹெட்டைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை, அதை ஆட்டும் செப்புச் சுருளும் காந்தமும், அடியில் திருகிய சர்க்யூட் போர்டு என எல்லாம் சேர்ந்தால்தான் டிஸ்க். ஒன்று குறைந்தால் மற்றவை கிடங்கில் கிடக்கும். இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றையும் செய்பவர்கள் உலகில் சிலரே. சுழற்றும் மோட்டார்களில் பெரும்பகுதி ஜப்பானின் நிடெக் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. வெளிச்சந்தைக்கு ஹெட் விற்பது டிடிகே. கண்ணாடித் தகட்டுக்கு ஹோயா.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று திருநெல்வேலியின் வண்ணார்பேட்டை. தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி 1843-ல் திறக்கப்பட்ட பாலத்தை ஜங்ஷன் பக்கமிருந்து கடந்து பாளையங்கோட்டைக் கரைக்கு வந்தால் இந்த ஊர். ஆற்றுக்கு இரு கரையிலும் உள்ள நகரங்கள் சந்திக்கும் இடம் என்பதால் வணிகம் இங்கே திரண்டது. ஜவுளிக்கடை, மருத்துவமனை, மருந்துக்கடை வரிசையில் கம்ப்யூட்டர் கடைகளும் வந்து சேர்ந்தன. தமிழகத்தில் இந்தச் சரக்குக்கு மொத்தச் சந்தை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற அந்தத் தெரு 1990-களில் கம்ப்யூட்டர் சந்தையாக மாறியது. சென்னையில் காலையில் பேசப்படும் ரேட் நெல்லைக்கு உடனே போனில் வந்துவிடும். சரக்கு வர ஓர் இரவாவது ஆகும். தட்டுப்பாடும் அதே வரிசையில்தான் வந்து சேர்கிறது: முதலில் விலை ஏறும், அலமாரி காலியாவது பிறகு. சாதாரண நாளில் ஒரு வாரம் வரை செல்லும் கொட்டேஷன் அப்போது அன்றைக்கு மட்டும் என்று சுருங்கிவிடும்.

தொடக்கத்தில் தட்டுப்பாட்டுக்கு வேறு காரணங்கள் இருந்தன. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தகடுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். 1980-ல் சீகேட் நிறுவனம் ஏறக்குறைய அதே கொள்ளளவை 5 எம்பி டிஸ்க்காக மேசைக் கணினிக்குள் அடக்கியது. 1982-ல் அந்த நிறுவனம் சிங்கப்பூருக்கு வந்தது. தொழில் அங்கிருந்து தாய்லாந்துக்கும் மலேசியாவின் பினாங்குக்கும் பரவியது. கைவேலை அதிகம் தேவைப்பட்ட தொழில் இது. ஹெட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கம்பி இணைக்கப் பொறுமையான விரல்கள் வேண்டும், அவை குறைந்த கூலியிலும் கிடைக்க வேண்டும். தோட்ட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் தமிழர்கள் கப்பலேறிப் போன ஊர்களே ஒரு நூற்றாண்டுக்குப் பின் டிஸ்க் தொழிலின் தலைநகரங்களாயின.

இந்தியாவுக்கு அந்த டிஸ்க்குகள் வந்து சேர இறக்குமதி வரி பெரிய தடையாக இருந்தது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை கதவைச் சற்றே திறந்தது. 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் கணினிப் பொருள்களின் சுங்கவரி படிப்படியாகப் பூஜ்யமானது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வரி இருந்த காலத்தில் வெளிநாட்டில் விலை ஆடினாலும் உள்ளூர் விலை எப்போதும் உயரத்திலேயே இருந்ததால் ஆட்டம் அவ்வளவாகத் தெரியவில்லை. வரி போன பிறகு டிஸ்க் மலிவானது. கூடவே ஜப்பானில் ஒரு தீ விபத்து என்றால் இங்கே ரேட் மாறும் நிலையும் வந்தது.

அப்படி ஒரு தீ 1993 ஜூலை 4 அன்றே எரிந்திருந்தது. ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலையில் நடந்த வெடிவிபத்து அது. மெமரி சிப்பின் மேல் கறுப்பு உறையாக வார்க்கப்படும் எபாக்சி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அந்த ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. சிப் தயாரிக்கும் ஆலை எதுவும் எரியவில்லை. பிசின் கையிருப்பும் ஓரளவு இருந்தது. ஆனாலும் மெமரி விலை சில வாரங்களில் ஏறக்குறைய இரு மடங்கானது. பயந்து வாங்கிக் குவித்தவர்களே பாதித் தட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள். பின்னர் வந்த ஒவ்வொரு நெருக்கடியிலும் இந்தப் பயத்துக்கு ஒரு பங்கு இருந்தது.

ஹார்ட் டிஸ்க் வரலாற்றில் மிகப் பெரிய தட்டுப்பாடு 2011-ன் தாய்லாந்து வெள்ளம். அந்த ஆண்டு மழை ஜூலைக் கடைசியிலேயே வலுத்தது. அக்டோபர் தொடக்கத்திலிருந்து அயுத்தயா, பதும்தானி மாகாணங்களின் தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின: ரொஜானா, பாங் பா-இன், நவ நகோர்ன். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் இரு ஆலைகள் இவற்றில் இருந்தன. அது செய்த டிஸ்க்குகளில் சுமார் 60 விழுக்காடு தாய்லாந்தில் உருவானவை. ஹெட் செய்யும் இயந்திரங்கள் சேற்று நீரில் கிடந்தன. மூழ்குநர்களை இறக்கி அவற்றை வெளியே எடுத்து, கழுவி, பழுது பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது.

போட்டி நிறுவனமான சீகேட்டின் தாய்லாந்து ஆலைகளில் தண்ணீர் புகவில்லை. இருந்தும் அதன் உற்பத்தி குறைந்தது. நிடெக்கின் மோட்டார் ஆலைகளும் மற்றப் பாகங்களைத் தந்தவர்களின் ஆலைகளும் அதே வெள்ளத்தில் கிடந்ததே காரணம். முந்தைய காலாண்டில் 17 கோடிக்கு மேல் டிஸ்க் அனுப்பிய தொழிலால் அந்த அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 12 கோடி அளவுக்கே அனுப்ப முடிந்தது.

வண்ணார்பேட்டை போன்ற சந்தைகளில் இது மூன்று விதமாக வந்து இறங்கியது. முதலாவது நேரடி விலை: இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் இருந்த 500 ஜிபி டிஸ்க் சில வாரங்களில் நாலாயிரத்தைத் தாண்டியது. இரண்டாவது ரூபாய். 2011 ஆகஸ்ட் தொடக்கத்தில் 44 ரூபாய் அளவில் இருந்த டாலர் டிசம்பர் நடுவில் 54-ஐ எட்டியது. வெள்ளமே வராமல் இருந்திருந்தாலும் விலை ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். வாடிக்கையாளரோ எல்லாப் பழியையும் தாய்லாந்தின் மேல் போட்டார். வியாபாரிக்கும் அது வசதியாக இருந்தது. மூன்றாவது பலர் கவனிக்காதது: வாரன்டி. டிசம்பரில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகளின் உத்தரவாதக் காலத்தைக் குறைத்தன. மூன்று ஆண்டு இரண்டானது, சில மாதிரிகளில் ஒன்றானது. விலை கூடி வாரன்டி குறைந்ததால், வாங்கியவருக்கு ஏற்றம் இரண்டு பக்கமும் விழுந்தது.

சரக்கு பங்கிடப்பட்ட முறையும் சிறு ஊர்களுக்குச் சாதகமாக இல்லை. பெரிய கணினி நிறுவனங்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குபவை. ஆலையிலிருந்து வந்த டிஸ்க் முதலில் அவற்றுக்குப் போனது. பெட்டியில் போட்டு ஒற்றையாக விற்கும் டிஸ்க் வரிசையில் கடைசி. அசெம்பிள் செட் கட்டிக் கொடுத்துப் பிழைக்கும் கடைகள் நம்பியிருந்தது இந்த ஒற்றை டிஸ்க்கை. டிஸ்க் இல்லாததால் மானிட்டர், கேபினட், மதர்போர்டு விற்பனையும் நின்றது.

தமிழகத்தில் அதே மாதங்களில் வேறொரு தேவையும் வந்து மோதியது. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மூலம் முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் வாங்கத் திட்டம். ஒவ்வொன்றிலும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திட்டம் தொடங்கி ஒரு மாதம் கடந்ததுமே நவ நகோர்ன் மூழ்கியது. பள்ளி மாணவர் கைக்குப் போன அந்தக் கணினிக்கும் கடையில் விற்ற டிஸ்க்குக்கும் மூலம் ஒன்றுதான். டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளில் தாய்லாந்து என்றோ மலேசியா என்றோ சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

தட்டுப்பாட்டால் தயாரிப்பாளர் நட்டப்பட்டார் என்று நினைத்தால் அது பாதி உண்மை. 2012 ஜூனில் முடிந்த நிதியாண்டில் சீகேட்டின் நிகர லாபம் சுமார் 286 கோடி டாலர். முந்தைய ஆண்டில் அது 51 கோடி டாலர்தான். அந்த வெள்ளத்தின் நடுவேயே தொழில் மேலும் சுருங்கியது. சாம்சங்கின் டிஸ்க் பிரிவை 2011 டிசம்பரில் சீகேட்டும், ஹிட்டாச்சியின் பிரிவை 2012 மார்ச்சில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் வாங்கி முடித்தன. ஒரு காலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நுழைந்து பார்த்த தொழிலில் தோஷிபாவையும் சேர்த்து மூன்று பேர் மிஞ்சினார்கள். தண்ணீர் வடிந்த வேகத்தில் விலை வடியவில்லை. விற்பவர் மூவர் என்றால் விலையைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

2011-ல் இன்னொரு பாகத்துக்கும் நெருக்கடி இருந்தது; அது நெல்லையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு கடற்கரையைத் தொடுகிறது. ஓட்டம் நின்ற பழைய டிஸ்க்கை நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் திறந்தால் ஒரு மூலையில் எஃகுத் தகட்டில் ஒட்டிய, பிறை வடிவக் காந்தம் கிடைக்கும். நகத்தளவு கனம்தான்; இரும்பு பீரோவில் வைத்தால் பிடுங்க இரண்டு கை வேண்டும். பழுது பார்க்கும் மேசைகளில் திருகாணி சிதறாமல் பிடித்து வைக்க இதைப் போட்டு வைத்திருப்பார்கள். நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம் அது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. டிஸ்க்கை உள்ளங்கை அளவுக்குச் சுருக்க முடிந்ததில் இந்தக் காந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நியோடிமியம் கிடைக்கும் தாதுக்களில் ஒன்று மோனசைட். குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருக்கிறது. அந்தக் கரை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-ல் மோனசைட்டை அடையாளம் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அன்று தேவைப்பட்டது மோனசைட்டில் உள்ள தோரியம். கேஸ் விளக்கிலும் பின்னால் பெட்ரோமாக்ஸிலும் எரிந்த மேன்டிலுக்கு அதுதான் மூலப்பொருள். அந்த மேன்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியரான ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்தான் 1885-ல் நியோடிமியத்தையும் முதலில் பிரித்தெடுத்தவர். தோரியத்துக்கு விலை இருந்தது. நியோடிமியம் வேண்டாத மிச்சமாக இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து இரண்டும் இடம் மாறின.

1950-ல் இந்திய அரிய மண் நிறுவனம் தொடங்கப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை இன்று அதன் கையில். தோரியம் அணுசக்திப் பொருள் என்பதால் மோனசைட்டைத் தனியார் தொட முடியாது. தாது இருந்தும் அதை உலோகமாக்கி, கலந்து, காந்தமாகச் சுட்டெடுக்கும் ஆலைகள் இங்கே வளரவில்லை. அந்த வேலை சீனாவில் குவிந்தது. 2010 ஜூலையில் சீனா ஏற்றுமதி அளவைக் குறைத்தது. செப்டம்பரில் ஜப்பானுடன் ஏற்பட்ட கடல் எல்லைத் தகராறில் அனுப்புவதே தடைபட்டது. 2011 நடுவில் நியோடிமியம் விலை பல மடங்கு உயர்ந்து நின்றது. வெள்ளத்துக்கு முன்பே டிஸ்க்கின் அடக்கவிலை ஏறத் தொடங்கியிருந்தது இதனால்தான். உலக வர்த்தக அமைப்பு 2014-ல் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2015-ல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2025 ஏப்ரலில் வேறு வடிவில் திரும்பி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குமரிக் கரையில் இதைக் கேட்டு எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கதிரியக்கத்தையும் கடலரிப்பையும் காட்டி மீனவ ஊர்கள் எதிர்த்து வருகின்றன.

2021-ன் ஏற்றத்தில் எந்தப் பாகமும் குறையவில்லை. டிஸ்க்கில் உள்ள காலி இடத்தையே முதலாகக் கொண்டு ஈட்டும் சியா என்ற மறையீட்டு நாணயம் அந்த வசந்தத்தில் வந்தது. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளை மூட்டையாக வாங்கிப் போனார்கள்; நாணயத்தின் விலை விழுந்ததும் மோகம் அடங்கியது. அந்த டிஸ்க்குகள் எங்கே போயின என்பது 2025 ஜனவரியில் ஓரளவு தெரிந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஓட்டக் கணக்கை யாரோ அழித்து, புதியவை என்று ஐரோப்பாவில் விற்றிருந்தது ஜெர்மன் பத்திரிகையொன்றின் விசாரணையில் வெளிவந்தது. சியாவுக்கு ஓட்டியவை அவை என்ற சந்தேகம் வலுவாக எழுந்தது.

2025-ன் பிற்பகுதியில் தொடங்கிய ஏற்றத்துக்குச் செயற்கை நுண்ணறிவு மையங்கள் காரணம். அவை தரவைக் குவிப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில்தான். செப்டம்பரில் வெஸ்டர்ன் டிஜிட்டல் எல்லாக் கொள்ளளவுக்கும் விலையை உயர்த்துவதாக அறிவித்தது. பெரிய டிஸ்க்குகளுக்குக் காத்திருக்கும் காலம் 52 வாரத்தைத் தாண்டியதாகச் சந்தை ஆய்வு நிறுவனமான டிரெண்ட்ஃபோர்ஸ் கணக்கிட்டது. டிஸ்க் கிடைக்காதவர்கள் எஸ்எஸ்டிக்குப் போக, அதன் சிப்பும் குறைந்தது. ரேம் விலையும் ஏறியது. 2011-ல் இடி வாங்கியது அசெம்பிள் செட். இன்று புதிய கணினிகளும் மடிக்கணினிகளும் எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டன. வண்ணார்பேட்டையில் விற்கும் சுழலும் டிஸ்க்கின் முக்கிய வாடிக்கையாளர் கண்காணிப்புக் கேமராவின் டிவிஆர் பெட்டி. கடை, திருமண மண்டபம், அடுக்குமாடி வீடு எதுவானாலும் அதற்கு ஒன்றோ இரண்டோ டிபி போதும். தயாரிப்பாளர்கள் லாபம் அதிகமுள்ள இருபது, முப்பது டிபி டிஸ்க்குகளுக்குத் தகட்டையும் ஹெட்டையும் ஒதுக்குகிறார்கள். சிறிய டிஸ்க்குக்கு மிச்சம்தான். ஆகவே கேமரா பொருத்தக் கேட்டு வருபவரிடம் முப்பது நாள் பதிவுக்குப் பதில் பதினைந்து நாள் போதுமா என்று விற்பவர் கேட்கிறார். பழைய டிவிஆரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைச் சோதித்துப் பாதி விலைக்குத் தருவதும் நடக்கிறது, வாரன்டி இல்லாமல்.