கரிசல் பூமியும் பாம்புக்கடியும்: ஒரு மருந்தின் வரலாறு



ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லியாயிற்று. தரையில் பாய் விரித்து உறங்கிய பிள்ளையைத் தாய் எழுப்புகிறாள். பிள்ளைக்கு நினைவு இருக்கிறது. கண் இமைகளை மட்டும் உயர்த்த முடியவில்லை. வயிறு வலிக்கிறது என்கிறான், பேச்சு குழறுகிறது. உடலைத் தேடிப் பார்த்தால் காயமோ வீக்கமோ இல்லை. இரவு உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொல்வார். கண்ணேறு என்று மற்றொருவர் சொல்வார். அந்தப் பேச்சிலேயே கரைந்துபோகும் நேரந்தான் அந்தப் பிள்ளையின் உயிர்.

இது கட்டுவிரியன் கடியின் முகம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என விரியும் கரிசல் பூமியில் வாழும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய முகம். கடியின் வலி பெரும்பாலும் தெரிவதில்லை. பல் பட்ட தடமும் பல வேளைகளில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இந்த நஞ்சுக்கு மனிதன் எப்படி மருந்து கண்டான் என்பதையும், மருந்து கைக்கு வந்த பின்னும் உயிர்கள் ஏன் போகின்றன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் விளையும் நிலத்தில் எலிகள் பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மழை பெய்து வெடிப்புகள் மூடிக்கொள்ளும்போது அவை வரப்புக்கும் வைக்கோற்படப்புக்கும் வீட்டு மூலைக்கும் இடம்பெயரும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரிதும் காரணமானவை. முதலிரண்டின் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். விரியன் இரண்டின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

முற்காலத்தில் மக்களிடம் இருந்தவை கட்டுப்போடுதல், கீறி உறிஞ்சுதல், பாம்புக்கல் வைத்தல், பச்சிலை, மந்திரம் ஆகியவைதாம். முஸ்லிம் மருத்துவ மரபும் இந்த நஞ்சோடு நெடுங்காலம் போராடியது. இப்னு சீனா (ரஹ்) தம் ‘கானூன்’ நூலின் நான்காம் பாகத்தில் நஞ்சுகளைப் பற்றியும் நச்சுயிர்களின் கடியைப் பற்றியும் விரிவாக எழுதினார். ‘திர்யாக்’ எனப்பட்ட கூட்டு மருந்து பல நூற்றாண்டுகள் அரபு மருத்துவர்களின் கையில் இருந்தது. விஷமுறிவு மருந்தை அரபு மொழி இன்றும் அப்பெயராலேயே அழைக்கிறது. ஆயினும் நஞ்சை உள்ளபடியே முறிக்கும் மருந்து மனிதனுக்குக் கிடைக்க 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்தத் துயரை முதன்முதலில் எண்ணிக்கையில் அளந்தவர்களுள் ஒருவர் ஜோசப் ஃபேரர் என்னும் ஆங்கிலேய மருத்துவர். பிரிட்டிஷ் இந்தியாவின் ஏறத்தாழப் பாதிப் பரப்பில் 1869-ஆம் ஆண்டில் மட்டும் 11,416 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று அவர் திரட்டினார். இந்திய நச்சுப்பாம்புகளைப் பற்றிய அவரது பெருநூல் 1872-இல் வெளிவந்தது. மருந்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1891-இல் இன்றைய வியட்நாமின் தென்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. நீருக்கு அஞ்சிய நல்லபாம்புகள் ஓர் ஊருக்குள் புகுந்து 40 பேரைக் கடித்தன, நால்வர் இறந்தனர். சைகோன் நகரில் ஆய்வுக்கூடம் நடத்திவந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் அந்தப் பாம்புகளைப் பெற்று ஆய்வைத் தொடங்கினார். விலங்குக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தால் அதுவே மருந்தாகும். 1890-களின் நடுவில் அவரது சீரம் பயன்பாட்டுக்கு வந்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் அந்த முறையே இன்றளவும் தொடர்கிறது.

ஒரு மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று கால்மெட் நம்பினார். அது சரியன்று என்பதை பிரேசிலில் விட்டல் பிரேசில் என்னும் மருத்துவரும், இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்பவரும் காட்டினர். நல்லபாம்பின் நஞ்சிலிருந்து செய்த மருந்து விரியனின் நஞ்சை முறிக்கவில்லை. ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இமயமலை அடிவாரத்துக் கசௌலி ஆய்வு நிறுவனத்தில் இந்தியப் பாம்புகளுக்கென்றே சீரம் செய்யலாயினர். பிற்பாடு நான்கு பாம்புகளின் நஞ்சையும் ஒருங்கே முறிக்கும் மருந்து உருவாயிற்று. இன்று அரசு மருத்துவமனையில் நமக்கு இலவசமாக ஏற்றப்படுவது இதுவே. கடித்த பாம்பு எது என்று தெரியாவிட்டாலும் இந்நான்கிற்கும் இது பொருந்தும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இந்த மருந்தின் வரலாற்றில் தமிழ்நாட்டு எளிய மக்களின் பங்கு பெரிது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துப் பாம்புத்தோல் வணிகம் நின்றது. பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் சமூகத்தின் வாழ்வாதாரம் போயிற்று. 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்த பின் அதைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை இச்சங்கம் அளித்துவருகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் பிள்ளையின் கையில் ஏறும் ஊசிக்குப் பின்னால் யாரோ ஒருவர் வெறுங்காலோடு வரப்பில் நடந்த உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு நாம் நன்றிக் கடன்பட்டவர்கள்.

மருந்து நம் மண்ணிலேயே உருவாகியும் மரணம் ஓயவில்லை. 2005-இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் இறந்தனர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், என்றது 2020-இல் வெளிவந்த ஆய்வு. 2011-ஆம் ஆண்டு ஆய்வின் மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்: இறந்தவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைக்கு வெளியிலேயே இறந்தார்கள். மருந்து இருக்கும் இடத்துக்கு அவர்கள் சென்று சேரவேயில்லை.

மீண்டும் அந்தக் கட்டுவிரியனிடம் வருவோம். அதன் நஞ்சு நரம்பு நுனிகளை அழித்துவிடுகிறது. அழிந்த பின் மருந்து ஏற்றினாலும் அவை உடனே மீளா; புதிதாக வளர நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை நோயாளி வென்டிலேட்டரின் துணையால் மூச்சுவிட வேண்டும். அந்நிலையில் கை கால் அசையாது, இமை திறக்காது, கண்ணில் விளக்கொளி பட்டாலும் பாவை சுருங்காமல் போகலாம். மூளை இறந்துவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்குச் சென்ற நோயாளிகள், சுவாசம் தொடர்ந்து கொடுக்கப்பட்டதால் முழு நலத்துடன் வீடு திரும்பிய நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவர்களுள் சிலருக்கு அத்தனை நேரமும் காது கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

ஜனாஸாவை விரைவுபடுத்துவது நம் மார்க்கத்தின் வழிமுறை. ஆனால் திடீர் மரணங்களில் மரணம் ஐயமின்றி உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் அன்றே எழுதிவைத்தனர். பாம்பு கடித்தவர் அசைவற்றுக் கிடந்தால் வீட்டார் முடிவுசெய்துவிடக் கூடாது, மருத்துவர் சொல்லட்டும்.

விரியன் கடியை அறியும் சோதனை ஒன்று மிக எளியது. 1970-களில், சுருட்டைவிரியன் மிகுந்த நைஜீரியாவில் மருத்துவர்கள் இதன் பயனை நிறுவினர். நோயாளியின் இரத்தம் சிறிதளவைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாத இச்சோதனையைச் சிறிய மருத்துவமனையிலும் செய்ய முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதன்மை இடத்தில் வைத்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைப்பதே அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகர் குழுவினர் காட்டியுள்ளனர். அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்ற மருந்துக்கான தேடல் நடக்கிறது.

ஆனால் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட தொலைவை ஆய்வுக்கூடம் குறைக்காது. அது நம் பொறுப்பு. கடித்ததும் கடிபட்டவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பின்னர் வீங்கினால் அவை இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குச் செய்வது போல் மரச்சட்டம் வைத்து அசையாமல் தளர்வாகக் கட்ட வேண்டும். கயிற்றால் இறுக்குவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே செய்யும். நடக்க விடாமல் 108 வண்டியிலோ கிடைத்த வாகனத்திலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பிலேதான் ஊசி ஏற்றப்பட வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்குரிய அளவே கொடுப்பார்கள். குழந்தை சிறியது என்று பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. ஆகவே பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

நம் வீடுகளில் எழும் ஒரு கேள்வியையும் தவிர்க்க முடியாது: ஓதிப் பார்க்க வேண்டாமா? விஷக்கடிக்கு ஆளான ஒரு கூட்டத்தலைவருக்கு நபித்தோழர்கள் சூரத்துல் ஃபாத்திஹா ஓதிப் பார்த்ததும், அண்ணல் நபி (ஸல்) அதை ஏற்றுக்கொண்டதும் புகாரியில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வழியாக வந்துள்ள செய்தி. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு கட்டளையிட்டவரும் அதே நபிதாம் (ஸல்). இரண்டுக்கும் முரண் இல்லை. ஓத வேண்டிய இடம் ஆம்புலன்ஸின் இருக்கை. ஓதுவதற்காக வண்டியை வேறு வாசலுக்குத் திருப்பினால் கிடைத்த மருந்தை நாமே தட்டிவிட்டவர்களாவோம்.

படுக்கைக்குச் செல்பவர், தாம் இல்லாத வேளையில் அதில் என்ன வந்து தங்கியதோ என்பதால், ஆடை நுனியால் அதை உதறிவிடுமாறும் நபி (ஸல்) பணித்தார்கள். பாயை உதறி விரித்து, கூடுமானவரை கட்டிலில் படுத்து, கொசுவலையை விளிம்புகளோடு செருகிக்கொண்டால் கட்டுவிரியனிடமிருந்து அதுவே முதற் காவல். இரவில் வெளியே போகும்போது கையில் டார்ச் இருக்கட்டும். காட்டுக்குள் இறங்கும்போது காலில் செருப்பு இருக்கட்டும்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது திருமறையின் போதனை. அந்தப் பாக்கியம் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நேரத்தை வீணாக்காமல் வண்டியை அழைக்கும் தாய்க்கும், நள்ளிரவில் தம் வாகனத்தை எடுத்துவரும் அண்டைவீட்டாருக்கும் உரியது. கரிசல் காட்டில் பாடுபடும் ஒவ்வொரு குடும்பத்தையும், எந்தச் சமயத்தவராயினும், வல்ல அல்லாஹ் விஷக்கடிகளிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.